வனக் குளியலுக்குப் போகும் முன் நம் காட்டின் கதை



சென்ற காலாண்டுக் கூட்டத்தில் வந்த யோசனை உங்களுக்கு நினைவிருக்கும். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழிகாட்டி ஒருவருடன் ‘வனக் குளியல்’ நடை. நடை முடிந்ததும் தேநீர், அதன்பின் நம் ஊர்ப் பலகாரங்களோடு சாப்பாடு. யோசனையைப் படித்து முடித்ததும் வந்த முதல் கேள்வி, “சோப்பும் துண்டும் எடுத்து வரணுமா?” என்பது. சிரிப்பு அடங்கியபின் கடைசி வரிசையிலிருந்து இரண்டாவது கேள்வி வந்தது: “காரைக்குடியில காடு எங்க சார் இருக்கு?”

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டோம். தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து, கண், காது, மூக்கு, கை என்று எல்லாவற்றாலும் காட்டை உள்ளே வாங்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றை இந்த இதழில் எழுதுகிறேன். நடைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். படித்தபின் எங்கே நடப்பது, எப்படி நடப்பது என்று நீங்களே முடிவு சொல்ல வேண்டும்.

பெயர் பிறந்த இடம்

‘ஷின்ரின் யோகு’ என்பது ஜப்பானியச் சொல். ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளியல். பழைய சொல் போலத் தோன்றினாலும் இதற்கு வயது அதிகமில்லை. 1982-இல் ஜப்பான் அரசின் வனத்துறைத் தலைவராக இருந்த தோமோஹிதே அகியாமா இந்தச் சொல்லை உருவாக்கினார். நகரங்களில் வேலைப்பளுவில் தவித்துக்கொண்டிருந்த மக்களைக் காட்டுக்கு வரவழைக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். மரம் வெட்டுவதைத் தவிரக் காட்டுக்கு வேறு பயனும் உண்டு என்று காட்டுவது இன்னொரு நோக்கம். அதே ஆண்டில் நாகானோ மாநிலத்தின் அகசாவா காட்டில் இது தொடங்கியது. இன்றும் அகசாவாவைத்தான் வனக் குளியலின் பிறந்த வீடு என்கிறார்கள்.

மருத்துவ ஆய்வுகள் பின்னால் வந்தன. மருத்துவர் சிங் லீ, டோக்கியோ நிறுவனங்களில் வேலை பார்த்த 12 ஆண்களை 3 நாள் காட்டுக்கு அழைத்துப் போய், அவர்கள் உடலில் நோய் எதிர்ப்புச் செல்களின் செயல்பாடு கூடியதாகக் கண்டார். நல்ல செய்திதான். ஆனால் 12 பேர் என்பதை மறக்காதீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையை இந்த நடையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நடையின் கடைசியில் தேநீர் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. 2012-இல் அமோஸ் கிளிஃபோர்டு என்பவர் அங்கே வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் முறையில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட நடக்க மாட்டார்கள். இடையிடையே நின்று, உட்கார்ந்து, கண்டதைக் கேட்டதை வட்டமாக இருந்து பகிர்ந்துகொள்வார்கள். முடிவில் அந்தக் காட்டிலேயே கிள்ளிய இலைகளைக் கொதிக்க வைத்து ஆளுக்கு ஒரு கோப்பை குடிப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்ப வருவோம்.

இப்போது அகசாவாவுக்கே போவோம். அங்கே ஹினோகி என்ற சைப்ரஸ் இன மரங்கள் 300 வயதைத் தாண்டி நிற்கின்றன. ஜப்பானில் வேறு எத்தனையோ காடுகள் இருக்க, இங்கே மட்டும் இவ்வளவு பழைய மரங்கள் எப்படி மிஞ்சின?

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் கோட்டைகளும் நகரங்களும் வேகமாக எழும்பின. அத்தனைக்கும் மரம் வேண்டியிருந்தது. அகசாவா இருக்கும் கிசோ பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட மொட்டையடிக்கப்பட்டது. பயந்துபோன ஓவாரி சமஸ்தானம் 1665-இல் மலைகளை மூடியது. அதன்பின் ஹினோகியை அனுமதியின்றி வெட்டினால் மரண தண்டனைவரை உண்டு. ‘ஒரு மரத்துக்கு ஒரு தலை’ என்பது அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் சொல்லப்படும் சொலவடை. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே ஆலயத்துக்கு மட்டும் சடங்கோடு மரம் எடுப்பார்கள். இன்று அங்கே நிம்மதியாக மூச்சு விடுகிறவர்கள் அந்தப் பழைய பயத்தின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

ஜப்பான் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

கோடரியோடு நடந்த ஒரு மாதம்

‘காரை’ என்ற முட்செடி நிறைந்திருந்ததால் காரைக்குடி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பக்கத்தில் இலுப்பைக்குடி இருக்கிறது. நகரத்தாரின் 9 கோயில்களில் ஒன்று அங்கே. ஊர்ப்பெயர்களே இங்கே என்ன நின்றது என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் நம் பக்கத்துக் காடு எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதற்கு ஊர்ப்பெயரைவிட உறுதியான சாட்சி ஒரு போர்.

காளையார்கோவிலில் 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆற்காட்டு நவாபுக்காக வந்த ஆங்கிலப் படையால் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் விருப்பாட்சிக்குத் தப்பிப் போய், ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் நாட்டை மீட்டார். அதன்பின் ஆட்சிப் பொறுப்பு மெல்லப் பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களிடம் வந்தது. 1801 ஜூன் 16-இல் சின்ன மருது வெள்ளையரை எதிர்த்து எழச்சொல்லி வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அதோடு போர் முற்றியது.

கர்னல் அக்னியூவின் படை அரண்மனைச் சிறுவயலை நெருங்கியது. மஞ்சுவிரட்டுக்குப் பெயர்போன சிராவயலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கல்லல் பக்கத்து ஊர், சின்ன மருதுவின் இருப்பிடம். ஆங்கிலேயர் கையில் சிக்கக்கூடாது என்று மருது தரப்பே ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. அங்கிருந்து காளையார்கோவில் அதிக தூரமில்லை. ஆனால் இடையில் நின்றது காடு.

சுற்றிப் போகாமல் காட்டை வெட்டியே பாதை போடுவது என்று அக்னியூ முடிவு செய்தார். ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த வேலை நடந்தது. முன்னால் கோடரி ஆட்கள், அவர்களைச் சுற்றிச் சிப்பாய்கள், பின்னால் பீரங்கிகள். புதருக்குள்ளிருந்து குண்டும் ஈட்டியும் வந்துகொண்டே இருந்தன. ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டியும் கோயிலை எட்ட முடியவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் படை அந்த முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கியது. நம் நாட்டு முள்ளும் கொடியும் ஒரு மாதம் ஒரு பெரிய படையை நிறுத்தி வைத்திருந்தன என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு வேறு வழி கண்டார்கள். படைமாத்தூர் கௌரிவல்லபரைச் சிவகங்கை ஜமீனுக்கு உரியவராக அறிவித்ததில் மருதுவின் ஆதரவு பிளந்தது. அக்டோபர் 1-இல் பல திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்து காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கோபுரத்தைக் காப்பாற்றத்தான் மருது சரணடைந்தார் என்று நம் பக்கத்தில் கதை உண்டு. சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் இன்னும் பலரும் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-இல் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அதில் எழுதியிருக்கிறார். சமாதான நாட்களில் மருதுவின் விருந்தாளியாக இருந்தவர் அவர். பிறகு அதே மனிதரை வேட்டையாடிய படையில் நின்றவர். காளையார்கோவில் பக்கம் போகும்போது இந்த வெல்ஷை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாக வருகிறவர் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவதில்லை. நடைக்குப் போகும் நமக்கும் அது பொருந்தும்.

கப்பலில் வந்த காடு

போருக்குப் பிறகு நம் காடு ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. விறகுக்கும் கரிக்கும் விளைநிலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இதே காலத்தில் நம் ஊரின் பணம் கடல் கடந்து இன்னொரு காட்டைத் தொட்டது.

1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகள் இரங்கூனிலும் மோல்மேனிலும் ஐராவதிக் கழிமுகத்து ஊர்களிலும் பரவின. அந்தக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகளைத் திருத்தி நெல் வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்ததில் நம் ஊர்க் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கிடைத்த செல்வம் தேக்காகவும் திரும்பி வந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்புத் தூணைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கை சேர்த்தாலும் அடங்காத அந்தத் தேக்கு நம் மண்ணில் வளர்ந்ததில்லை; பர்மாக் காட்டில் நின்று, கப்பலேறி வந்தது.

நம் மூத்தோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வீடுகளின் அழகு நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் “இங்க காடே இல்லையே” என்று சொல்லும்போது, நாம் ஒரு காட்டைத் தூணாகவும் உத்தரமாகவும் கதவாகவும் வீட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

வெளியே இன்று பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி சீமைக்கருவேலமும் தைலமரத் தோப்பும். கூட்டத்தில் ஒருவர், “தைலமரத் தோப்புலயே நடந்துட்டா என்ன? வாசமும் நல்லா இருக்கும்” என்றார். ஒரு காலை நேரத்தில் அங்கே போய்ப் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வரிசையாக ஒரே மரம், கீழே காய்ந்த இலை, பறவைச் சத்தம் மிகக் குறைவு. அது ஒரு பயிர், அறுவடைக்காக நிற்பது.

சாமி காத்த காடு

அப்படியானால் பழைய காடு எங்கே? ஊருக்கு வெளியே, அய்யனாருக்கும் கருப்பருக்கும் பின்னால் நிற்கிறது. கோயில் காடு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகும் அந்தத் துண்டுகள்தான் மருது காலத்துக் காட்டின் மிச்சம். வீரை, பாலை, உசிலை, காட்டு எலுமிச்சை, காயா, சூரை என்று உள்ளே நிற்கும் மரமும் செடியும் கொடியும் இந்தச் செம்மண்ணுக்கே உரியவை. காயா என்றால், கண்ணனைக் காயாம்பூ நிறத்தான் என்கிறோமே, அந்த நீலப்பூ மரம்தான். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே இரண்டு எட்டு வைத்தால் காற்று மாறுவதை உங்கள் தோலே சொல்லும்.

இவை மிஞ்சியதற்கும் காரணம் பயம்தான். உள்ளே செருப்போடு போகக்கூடாது, பச்சையை ஒடிக்கக்கூடாது, காய்ந்த விறகைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துப் போகக்கூடாது. மீறினால் கருப்பர் பார்த்துக்கொள்வார். கிசோவில் சமஸ்தானத்தின் வாள் செய்த வேலையை இங்கே கருப்பரின் அரிவாள் செய்தது.

இது வெறும் பழங்கதையும் இல்லை. திருப்பத்தூர் வட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்குக் குளிர்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டுகின்றன. அந்தப் பறவைகள் மிரளக்கூடாது என்று கிராமத்தார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1977-இல் அது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆனது. அரசு ஆணை வந்ததால் மட்டும் அங்கே வெடிச்சத்தம் நிற்கவில்லை. ஊரே சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டதால் நின்றது. நம் மாவட்ட எல்லையைத் தாண்டி, நத்தம் பக்கத்தில் காசம்பட்டி வீரகோயில் கோயில் காடு இருக்கிறது. அளவு 4.97 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர். 2025-இல் தமிழ்நாடு அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 12 ஏக்கருக்கு மாநில அளவில் மரியாதை கிடைக்கிறது என்றால், மிச்சமிருப்பது எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் நாங்கள் ஆறு பேர் ஒத்திகை பார்ப்பதற்காக ஒரு கோயில் காட்டுக்குப் போனோம். ஊர்ப்பெயரை இங்கே எழுதவில்லை. கூகுள் வரைபடத்தில் பெயர் ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே போன சிறிது நேரத்தில், கால் வழுக்குகிறதே என்று கீழே கிடந்த ஒரு காய்ந்த கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டேன். காவலுக்கு இருந்த பெரியவர், எண்பதைத் தொடுகிறவர், பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

“தம்பி, அதக் கீழ போடுங்க.”

“காஞ்ச கம்புதான் ஐயா. வெளிய போகும்போது போட்டுர்றேன்.”

“வெளிய வேணாம். எடுத்த எடத்துலயே போடுங்க. எங்க அப்பாரும் இப்புடித்தான் சொல்லுவாரு. இன்னைக்கு நீங்க காஞ்சத எடுப்பீங்க, நாளைக்கு ஒருத்தன் பச்சய எடுத்துட்டுக் காஞ்சதுன்னு சொல்லுவான்.”

திரும்பிப் போய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒரு காட்டைக் காக்கும் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோது காடு இப்போது இருப்பதைப் போல இரண்டு பங்கு இருந்ததாம். ஊரில் வசதி வந்தபின் சாமிக்குச் சிமெண்ட் மண்டபம் கட்டினார்கள், தரைக்கு ஓடு போட்டார்கள், வண்டி திரும்ப இடம் வெட்டினார்கள். எல்லாம் பக்தியால் செய்ததுதான். “முன்னெல்லாம் சாமிக்கு நெழலு போதும். இப்ப சாமிக்கு ஃபேன் வேணும்ங்கிறாய்ங்க” என்றார். அடுத்த திருவிழாவுக்குள் இன்னும் கொஞ்சம் இடத்தைச் சுத்தம் பண்ணி வாகன நிறுத்தம் அமைக்க வேண்டும் என்று இளவட்டங்களில் ஒரு பகுதி சொல்கிறதாம். வேண்டாம் என்கிறது இன்னொரு பகுதி.

இங்கேதான் நம் நடை வந்து நிற்கிறது. நாற்பது பேர் எட்டுக் காரில் போய் இறங்கினால், நாம் வாய் திறக்காமலே வாகன நிறுத்தம் கேட்ட பகுதிக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆகிவிடுவோம்.

கோப்பையிலும் இலையிலும் இருக்கும் காடு

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடையைவிட அதற்குத்தான் அதிகம் பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்!

காட்டிலே நடந்து மரத்தடியில் சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை. கார்த்திகையில் நெல்லி மரத்தடியில் உண்ணும் வனபோஜனம் பழைய வழக்கம். ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டியதும் நினைவிருக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் ஊர் இது. நமக்குத் தெரியாதது மெதுவாக நடப்பதும் பேசாமல் நடப்பதும்தான்.

தேநீரிலும் நம் பக்கத்து வரலாறு இருக்கிறது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் விழ, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. அந்த மலைக்காட்டை வெட்டித் தோட்டமாக்கியதிலும், பிறகு கொழுந்து கிள்ளியதிலும் இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குப் போன கூலி மக்களின் உழைப்பு இருக்கிறது. கொழும்புச் செட்டியார் தெருவில் நம் ஊர் முதலும் இருந்தது. ஒரே ஊரிலிருந்து ஒருவர் கடன் கொடுக்கப் போனார், இன்னொருவர் கடன் தீராமல் போனார். கோப்பையைக் கையில் எடுக்கும்போது இருவரையும் நினைப்போம்.

இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நடந்த காட்டிலேயே இலை கிள்ளித் தேநீர் போடுவது அமெரிக்க முறை. நம் கோயில் காட்டில் அது நடக்காது. காய்ந்த கம்பையே எடுக்கக்கூடாத இடத்தில் இலை கிள்ளுவது எப்படி? ஆகவே நம் தேநீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சுக்குமல்லிக் காப்பி இருக்கிறது; ஆவாரம்பூ கஷாயம் இருக்கிறது; டீதான் வேண்டும் என்கிறவர்களுக்கு டீயும் இருக்கட்டும்.

இலையில் என்ன? வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், கும்மாயம், கந்தரப்பம், கவுனி அரிசி. கவுனி பர்மாவிலிருந்து நம்மோடு வந்து குடியேறியது. மதியக் குழம்பில் கல்பாசி வாசம் கட்டாயம் இருக்கும். கல்பாசி என்ன என்று என் பேத்தி கேட்டபோதுதான் எனக்கே தோன்றியது. கடையில் பொட்டலமாக வாங்குகிறோமே தவிர, அது மலைக்காடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒருவகை லைக்கன் என்பதை நினைப்பதில்லை. மிக மெதுவாக வளர்வது, காற்று கெட்டால் வளராதது. செட்டிநாட்டுச் சமையலின் அடையாளமே ஒரு காட்டுப் பொருள். காடு இல்லாத ஊர் என்று சொல்லிக்கொண்டே நாம் தினமும் காட்டைத் தாளித்துச் சாப்பிடுகிறோம்.

முதலும் வட்டியும்

நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த பாடம், முதலில் கை வைக்காதே என்பது. அகசாவாவில் 300 ஆண்டுகளும் நம் கோயில் காடுகளில் அதற்கும் மேலாகவும் யாரோ கை வைக்காமல் இருந்ததுதான் முதல். இன்று நமக்குக் கிடைக்கும் நிழலும் அமைதியும் அந்த முதலுக்கு வரும் வட்டி. வட்டியை வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. முதலைக் கரைத்துவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

அதற்காகச் செயற்குழு முன் சில யோசனைகளை வைக்கிறேன். ஒப்புதல் உங்களுடையது.

ஒரு நடைக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம். ஆள் அதிகமானால் மாதம் ஒரு நடையாகப் பிரித்துக்கொள்வோம். ஊர் எல்லைவரை ஒரே வேனில் போய், அங்கிருந்து நடந்துதான் போக வேண்டும்.

செருப்பு வெளியே. முள் குத்தும் என்று கவலைப்படுகிறவர்கள் எல்லையில் இருக்கும் ஊருணிக் கரையில் உட்கார்ந்தே குளிக்கலாம். காற்று அங்கேயும் வரும்.

தேநீரும் சாப்பாடும் காட்டுக்கு வெளியே, ஊர் மந்தையில். சில்வர் டம்ளரும் வாழை இலையும் போதும், பேப்பர் கப் வேண்டாம். சமையலை அந்த ஊர்ப் பெண்களிடமே கொடுத்து, கேட்ட கூலியைக் கொடுப்போம். வழிகாட்டியும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. மரத்தின் பெயர் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில கோயில் காடுகளுக்குள் பெண்கள் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. நாங்கள் ஒத்திகைக்குப் போன இடத்தில் அப்படி இல்லை. கேட்டு உறுதி செய்துகொண்டோம். நம் உறுப்பினர்களில் பாதிப்பேரை வாசலில் நிறுத்திவிட்டுப் போகும் நடை எனக்குச் சம்மதமில்லை. அதே நேரத்தில், அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கிறேன் என்று விருந்தாளியாகப் போன இடத்தில் சண்டை போடுவதும் சரியில்லை. வேறு காட்டுக்குப் போவோம்.

கடைசியாகப் பணம். கட்டணத்தில் செலவு போக மிச்சத்தை ஊர்ப் பொதுவில் கொடுப்பதாகப் பேச்சு இருக்கிறது. கொடுக்கும்போதே, இது மண்டபத்துக்கோ ஓட்டுத் தரைக்கோ இல்லை, காட்டின் ஓரத்தில் முளைத்திருக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து வீரையும் உசிலையும் நடுவதற்கு என்று சொல்லிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசித்தான் இதை முடிவு செய்ய வேண்டும். நாமாக அறிவிக்க நமக்கு உரிமையில்லை.

விடைபெறும்போது பெரியவரிடம், “தை மாசம் பன்னெண்டு பேரா வரலாமா ஐயா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “வாங்க. சத்தம் போடாம வாங்க. ஒண்ணும் எடுத்துட்டுப் போகாதீங்க. மரத்தப் பாக்கவா வர்றீங்க? இதுவரைக்கும் அதுக்குன்னு யாரும் வந்ததில்ல” என்றார்.

கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: காடு இருக்கிறது, கொஞ்சம்தான் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மேலே சொன்ன யோசனைகளில் எது சரி, எது சரியில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஒத்துக்கொண்டால் தை மாதம் நடப்போம். சோப்பு, துண்டு வேண்டாம். டம்ளர் மட்டும் எடுத்து வாருங்கள்.